நாற்பதைத் தாண்டாத முள்

“வண்டிய எடுத்தாத்தாம்மா பெஞ்சு உள்ள போகும்” என்று வாடகை நாற்காலிக்காரர் அவளிடம் இரண்டாம் முறையாகச் சொன்னார். அவரும் அவருடைய ஆளும் நீளமான பெஞ்சை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்கள். குறுகலான நடையில் பாதியை ஸ்கூட்டர் அடைத்துக்கொண்டிருந்தது. அதை அங்கே நிறுத்தியவளே அவள்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால், அப்பாவையும் அம்மாவையும் ஏற்றி வந்த வேனுக்குப் பின்னாலேயே ஓட்டி வந்து, எங்கே நிறுத்துவதென்று தெரியாமல், அப்பா தினமும் நிறுத்துகிற இடத்திலேயே நிறுத்திவிட்டாள்.

சாவி அவள் கைக்குள்தான் இருந்தது. வந்ததிலிருந்து இறுக்கிப் பிடித்ததில் அதன் பற்கள் உள்ளங்கையில் பதிந்துவிட்டன. சாவியைப் போடாமல் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், பக்கவாட்டு முற்றத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே நிறுத்தினாள். மீட்டர் கண்ணில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றைக்கு ஒரு நாள் அதைப் பார்க்காமல் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள்.

பெஞ்சு உள்ளே போயிற்று. முன்னறையில் அப்பாவை அதில் கிடத்தினார்கள். நான்கு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அண்ணன் வெளியூரிலிருந்து ஒரு மணிக்கு வந்துவிடுவான். வந்து, அழுது முடித்ததும், ஒரே ஒரு கேள்வி கேட்பான். எவ்வளவு நேரத்துல கொண்டு போன?

அதற்கு அவளிடம் உண்மையான பதில் ஒன்று இருந்தது, வெளியே சொல்ல முடியாத பதில். ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை அவள் மட்டும்தான் கேட்டிருந்தாள். அம்மா அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். “இன்னும் ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா ஏதாவது பண்ணிப் பார்த்திருக்கலாம்” என்று டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தப் பத்து நிமிஷம் எங்கே போயிற்று என்பது அவளுக்குத் தெரியும்.

அப்பாவைத் தராசுக்காரர் என்றுதான் ஊரே சொல்லும். கடை கடையாகப் போய்த் தராசுகளைப் பழுது பார்ப்பார். முள் சரியாக நிற்கிறதா என்று தன்னிடம் இருக்கிற எடைக்கற்களை வைத்துச் சோதிப்பார். சரியாக இருந்தால் முகப்பில், ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்தும் போடுவார். முப்பத்தெட்டு வருஷமாக அந்த எடைக்கல் பெட்டி சைக்கிள் பின்னால்தான் போய் வந்தது. இருபது கிலோ. போன வருஷம் ஒரு மேட்டில் ஏற முடியாமல் சைக்கிளோடு சாய்ந்து, எடைக்கற்கள் ரோட்டில் உருண்டு ஓட, அவற்றைப் பொறுக்கியெடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றைக்குத்தான் ஸ்கூட்டர் என்ற பேச்சு வீட்டில் வந்தது.

நல்ல கம்பெனி வண்டி எட்டாது. தண்ணீர் பம்பும் தையல் மெஷினும் விற்கிற கடை ஒன்றில், கடல் கடந்து அட்டைப் பெட்டியில் வந்த ஸ்கூட்டர் இருந்தது. பாதி விலை. கண்ணாடியும் ஸ்டாண்டும் தனித்தனிப் பொட்டலத்தில் இருந்தன. எந்த ஊருக்குப் போக வேண்டியது எந்த ஊருக்கு வந்து சேர்ந்ததோ, கடைக்காரனுக்கே தெரியாது. அப்பாவும் அவளுமாக இதே முற்றத்தில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாட்டினார்கள். கடைசியில் இரண்டு போல்ட் மிஞ்சின. அவற்றை எங்கே போடுவதென்று இன்றுவரை தெரியவில்லை.

கூட வந்த கையேடு, இரண்டு மொழியும் தெரியாத யாரோ மொழிபெயர்த்தது. “முதல் ஐநூறு கிலோமீட்டர் வரை புது இயந்திரத்தை அன்போடு பழக்கவும். நாற்பதைத் தாண்டினால் அதன் மனம் வருந்தும். இருவர் அமர வேண்டாம். ஒரே வேகத்தில் நெடுநேரம் போனால் சலிப்படையும்.” அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “முப்பத்தேழு வருஷம் ஆச்சு, என் மனசு வருந்துமான்னு ஒரு நாள் கேட்டிருப்பாரா இந்த மனுஷன்?” என்றாள். அன்றிலிருந்து ஸ்கூட்டருக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டாள்.

அப்பா சிரித்தார். ஆனால் கையேட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மீட்டர் கண்ணாடியில் நாற்பதுக்கு நேராகத் தராசு முகப்பில் போடுகிற சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். முள் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரையும் மீட்டரின் அடியில் ஒட்டி, தேதி போட்டார். “மனுஷன் பொய் சொல்லுவான், முள் சொல்லாது” என்பது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு.

ஒரு மாதமாக அவர் நாற்பதைத் தாண்டவில்லை. ஆனாலும் தெரு சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டு டீச்சர், அம்மாவைக் கூப்பிட்டு, “இந்த வயசுல ஏன் இந்தப் பறப்பு பறக்கறாரு உங்க வீட்டுக்காரரு? நான் ரோட்டத் தாண்டறதுக்குள்ள மூஞ்சி கிட்ட வந்துட்டாரு” என்று புகார் சொன்னார். அம்மா ஒரே ஒரு தடவை, ஐநூறு முடிந்ததும் பின்னால் ஏறலாமா என்று யோசித்தாள். தெருமுனை வரை அவர் மட்டும் ஓட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, “எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும்” என்று உள்ளே போய்விட்டாள். “நாப்பதுதாண்டி! முள்ளப் பாரு!” என்று அப்பா மீட்டரைத் தட்டிக் காட்டினார். “ஊருக்கு அடுத்தவன் வண்டி வாங்கினா கண்ணு உறுத்தும்.” பெட்ரோல் விஷயத்திலும் ஒரு குறை இருந்தது. லிட்டருக்கு ஐம்பது ஓடும் என்று சொன்னார்கள், முப்பதுதான் ஓடியது. கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டதற்கு, “பழகினா குடுக்கும் சார்” என்றான். அதையும் நம்பி வந்துவிட்டார்.

அவளுக்கும் அதில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஐநூறு முடிந்ததும் காலையில் அவளைக் கடையில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போவது என்று திட்டம். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் அவள் சுற்றிச் சுற்றி ஓட்டுவாள். அவர் நடுவில் நின்றுகொண்டு, “எவ்வளவு?” என்று கத்துவார். “நாப்பது!” என்று அவளும் திரும்பக் கத்துவாள்.

இன்று காலை ஆறு மணிக்கு முன்னால் அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த துணி கையிலிருக்கவே, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்துவிட்டது. வாயு என்றார். பிறகு இடது கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். தெருவில் கார் வைத்திருக்கிற ஒரே வீடும் பூட்டிக் கிடந்தது.

“வண்டியிலயே போயிடலாம்” என்று அப்பாதான் சொன்னார். சொன்ன கையோடு, “ரெண்டு பேர் ஏறக் கூடாதே. இன்னும் ஐநூறு ஆகலயே” என்றார்.

“உங்க ஐநூறுல இடி விழ!” என்று அம்மா கத்தினாள். அவரைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்து, ஒரு நீளத் துண்டால் அவரையும் அவளையும் சேர்த்துக் கட்டி, அவள் வயிற்றில் முடிச்சுப் போட்டாள். அம்மா முடிச்சுப் போடுகிற நேரத்தில்தான் அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். “கிளம்பிட்டோம்ணா” என்று மட்டும் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

மற்றதெல்லாம் முள்தான். பெரிய ரோட்டுக்கு வந்து முறுக்கியதும் முள் ஏறி, நாற்பதைத் தாண்டி நாற்பத்தைந்தில் நடுங்கியது. அவள் தோளில் இருந்த அப்பாவின் கை அழுத்தியது. “நாப்பது” என்றார். குரல் காதுக்குள் கேட்டது. “நாப்பது போதும்மா. அதோட மனசு வருந்தும்.”

அவள் குறைத்துவிட்டாள். அதுதான் அவள் செய்த காரியம். யோசித்துச் செய்யவில்லை. ஒரு மாதமாக மைதானத்தில் கேட்டுக்கேட்டுப் பழகிய சொல். மூளைக்குப் போகும் முன்பே கை கேட்டுவிட்டது. அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, உளறினாரா, நிஜமாகவே இஞ்சினுக்காகக் கவலைப்பட்டாரா என்று அவளுக்கு இப்போதும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் முள் அந்தச் சிவப்புக் கோட்டை விட்டு நகரவில்லை. வழியெல்லாம் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ரோடு முடியவே போவதில்லை என்று தோன்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் துண்டின் முடிச்சு அவிழவில்லை. ஊழியர் ஒருவர் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினார். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தபோது அப்பா கண்ணைத் திறந்து, “வண்டிய நிழல்ல நிறுத்து” என்றார். வாசலை மறிக்கிறது என்று காவலரும் விரட்டினார். அவள் போய் ஒரு மரத்தடி பார்த்து நிழலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. ஏழு அடிப்பதற்குள் டாக்டர் வெளியே வந்துவிட்டார்.

வருகிறவர்கள் எல்லோரும், “எப்படி ஆச்சு?” என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் வாளியிலிருந்து தொடங்கிச் சொன்னாள். “என் பொண்ணுதான் புயல் மாதிரி கொண்டு போனா” என்று ஒவ்வொரு தடவையும் முடித்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே போய் டம்ளர்களைக் கழுவினாள். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினாள். டீச்சர் வந்து கையிலிருந்து வாங்கி வைத்தார். “நீ என்ன பண்ணுவ, உன்னால முடிஞ்சத செஞ்ச” என்றார் டீச்சர். அந்த வார்த்தைக்கு ஒரு அறை தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

டம்ளர் கழுவிய நேரத்தில் அவள் ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தாள். அண்ணன் ரூட் பஸ் டிரைவர். முன்கோபி. மற்றவர்களிடம் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். அவனிடம் நாற்பது என்று சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நாற்பது வருஷத்துக்கும் அவன் பேசமாட்டான். பேசாவிட்டாலும் பரவாயில்லை; பேசாமல் பார்ப்பானே, அதைத் தாங்க முடியாது.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவன் வந்தான். காக்கிச் சட்டையை மாற்றக்கூட இல்லை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து அவன் பையில் வைத்து, “பத்திரமா வெச்சுக்க, கேப்பாங்களாம்” என்றாள். பிறகு அவன் முகம் கழுவ முற்றத்துக்கு வந்தான். அவள் செம்பும் துண்டும் எடுத்துக்கொண்டு போனாள். தப்பிக்க வழி இருக்கவில்லை.

தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டே ஸ்கூட்டரைப் பார்த்தான். அவன் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“இதுலயா கொண்டு போன?”

“ம்.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“முடிஞ்ச வேகத்துல போனேன்ணா. ஃபுல்லா முறுக்கிட்டேன்” என்றாள். பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தான். இன்னொரு பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். அவன் ஆறு வருஷம் அந்த ரோட்டிலேயே பஸ் ஓட்டியவன். எந்த நிறுத்தத்துக்கு எத்தனை நிமிஷம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

“ஆறு அஞ்சுக்கு எனக்குப் பேசியிருக்க. ஆறு இருபத்தொண்ணுக்குச் சீட்டு போட்டிருக்கான். பதினாறு நிமிஷம். கட்டறது, இறக்கறது எல்லாம் போக பதிமூணு.” நிமிர்ந்தான். முகம் சிவந்துவிட்டது. “பதிமூணு நிமிஷத்துல பதினாலு கிலோமீட்டரா? பைத்தியமாடி உனக்கு? காலி பஸ்ஸ எடுத்துக்கிட்டு டிப்போவுக்குப் போறப்பக்கூட நான் இருபது நிமிஷத்துக்குக் கீழ போனதில்ல. அந்தப் பள்ளமும் மேடுமான ரோட்ல, நெஞ்சு வலிக்கிற மனுஷன வெச்சுக்கிட்டு, நேத்து ஓட்டக் கத்துக்கிட்ட நீ! எங்கயாவது இடிச்சிருந்தா அம்மா ரெண்டு பேரையும் சேத்துத் தூக்கணும், தெரியுமா?”

மெதுவாகப் போனதற்குத் திட்டு வாங்கக் காத்திருந்தவளுக்கு, வேகமாகப் போனதற்குத் திட்டு விழுந்தது. அதை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. தராசுக்காரரின் மகள் அவள்; தனக்குச் சேராததைத் தன் தட்டில் வைத்துவிட்டார்கள் என்றிருந்தது.

“பொய் சொன்னேன்ணா” என்றாள். “நாப்பதுலதான் போனேன். அப்பா நாப்பதத் தாண்டாதன்னு சொன்னாரு. நான் கேட்டுட்டேன். பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. நான்தான்ணா. நான்தான் பண்ணேன்.”

“நாப்பதுல போனா இருபத்தொரு நிமிஷம் ஆகும்.”

“நாப்பதுதான். முள்ளையே பாத்துட்டுப் போனேன்.”

“கணக்கு இடிக்குதே!”

“நாப்பதுண்ணா! சத்தியமா நாப்பது!”

உள்ளே பேச்சு நின்றது. யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணன் அவளை முறைத்தான். பிறகு அவள் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி வண்டியில் போட்டுத் திருப்பினான். மீட்டரில் விளக்கு எரிந்தது. குனிந்து பார்த்தான், வெகுநேரம் பார்த்தான்.

“என்ன இது, அறுபதோட முடியுது?” என்றான். “எல்லா வண்டியிலயும் நூறு, நூத்தி இருபதுன்னு இருக்குமே.” மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினான்.

“கிழிக்காதண்ணா.”

“கிழிக்கல.” பாதிவரை மெதுவாக உரித்தான். அடியில் மூன்று பொடி இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. அவன் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தான். “மைல்” என்றான். “இது மைல்டி. ஒரு மணிக்கு இத்தன மைல்னு போட்டிருக்கான். மைல் போடற ஏதோ ஊருக்குப் போக வேண்டிய வண்டி.”

அவள் குனிந்து பார்த்தாள். கடையில் தினமும் ஐம்பது பேரைக் கடைசி வரி எழுத்தைப் படிக்கச் சொல்கிறவள். இந்த மூன்று எழுத்தை ஒரு மாதமாகப் படிக்கவில்லை.

“நாப்பது மைல்னா அறுபத்தி நாலு கிலோமீட்டர்” என்றான் அண்ணன். கோபம் இறங்கி, குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. “நீ அறுபத்தி நாலுல போயிருக்க.”

“நாப்பத்தஞ்சு வரைக்கும் ஏறிச்சு. நான் குறைச்சேன்.”

“குறைக்காம இருந்தா ஒண்ணரை நிமிஷம் மிச்சமாகியிருக்கும். இல்லன்னா ரெண்டு பேரும் அந்தப் பாலத்துத் திருப்பத்துல கிடந்திருப்பீங்க. பத்து நிமிஷம் உன்கிட்ட இல்லவே இல்ல. எவன்கிட்டயும் இல்ல.”

அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முன்னால் போன பால் வேனின் முதுகு பெரிதாகி, சட்டென்று காணாமல் போனது. அழுகை என்று நினைத்த கண்ணீர் பக்கவாட்டில் காதை நோக்கி ஓடியது. அது காற்றில் வந்த தண்ணீர். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அது சந்தோஷம்தான் என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. அப்பா உள்ளே பெஞ்சில் கிடக்கிறார்.

அண்ணன் இன்னும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். “முன்னூத்தி முப்பத்தாறு ஓடியிருக்கு. அதுவும் மைல்தான். அப்படின்னா ஐநூத்தி நாப்பது கிலோமீட்டர்.” நிறுத்தினான். “ஐநூறு முன்னாடியே முடிஞ்சிருச்சுடி. காலையில நீங்க ஏறறப்பவே முடிஞ்சிருச்சு. ரெண்டு பேர் ஏறலாம்.” கடைசிச் சொல் வரும்போது அவனுக்கு உதடு கோணிக்கொண்டது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. இரண்டும்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஒரு மாதமாக இஞ்சினின் மனம் வருந்தாமல் பார்த்துக்கொண்ட மனுஷன், ஒரு நாள் விடாமல் அதை அறுபத்தி நாலில் விரட்டி அடித்திருக்கிறார். அதன் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

சத்தம் கேட்டு அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். “என்ன இங்க? ஜனங்க பாக்கறாங்க.”

அண்ணன் துண்டை எடுக்காமலேயே சொன்னான். மைல் என்றும், கிலோமீட்டர் என்றும், அறுபத்தி நாலு என்றும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அம்மா முழுதும் கேட்டுக்கொண்டாள். ஸ்கூட்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

“நான்தான் தலபாடா அடிச்சுக்கிட்டேனே, பறக்கறாருன்னு” என்றாள். “இந்த வீட்ல என் பேச்ச யார் கேட்டீங்க?”

சொல்லிவிட்டு விடுவிடென்று உள்ளே போனாள். முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்கள் வழிவிட்டார்கள். அம்மா பெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்து, அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி பேசுவது முற்றம் வரை கேட்டது. “கேட்டுதா உங்களுக்கு? டீச்சர் கிட்ட என்ன சண்ட, என்கிட்ட என்ன சண்ட. நாப்பதாம், நாப்பது!” டீச்சர் அவளைப் பிடித்துக்கொள்வதும், யாரோ தண்ணீர் கேட்பதும் கேட்டது.

நான்கு மணிக்கு அமரர் ஊர்தி வந்தது. ஆண்கள் நாலைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அண்ணன் முற்றத்துக்கு வந்து, “வா, எடுக்கப் போறாங்க” என்றான். அவள் ஸ்கூட்டர் அருகில் நின்றிருந்தாள். பாதி உரிந்த மஞ்சள் ஸ்டிக்கர் மேல் நோக்கிச் சுருண்டிருந்தது.

“அத முழுசா எடுத்துடட்டுமா?” என்று கேட்டான். “நாளைக்கு நீ ஓட்டறப்ப மைல்னு ஞாபகம் இருக்கணும்ல.”

“எனக்கு ஞாபகம் இருக்கும்” என்றாள்.

சுருளை நீவி நீவி, அப்பா போட்டிருந்த தேதியும் கையெழுத்தும் நேராக வருகிற மாதிரி அந்த மூன்று எழுத்தின் மேல் மறுபடி படியவைத்தாள். பசை காய்ந்துபோயிருந்தது, விட்டால் எழும்பியது. கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். உள்ளேயிருந்து, “தூக்கலாமா?” என்று யாரோ கேட்டார்கள். “ஒரு நிமிஷம்” என்று அண்ணன் அவளுக்காகப் பதில் சொன்னான்.